கட்டிலுக்கு அடியில 17 பாட்டில், கம்பெனிக்கு ஏ ப்ளஸ்

சிவகாசில எங்க சித்தி வீட்டுக்குப் போனா உள் ரூம் கட்டிலுக்கு அடியில பழைய சுங்குடி சேலையைப் போட்டு மூடி 17 பாட்டில் வரிசையா நிக்கும். மூலிகை ஜூஸ். ஒரு பாட்டில் 1,600 ரூபா. காலைல வெறும் வயித்துல 30 மில்லி குடிச்சா சுகர் இறங்கும், மூட்டு வலி போகும், முடி வளரும், பிள்ளைங்களுக்கு ஞாபக சக்தி வரும்னு சொல்லி வித்தது. நான் ஒரே ஒரு தடவ குடிச்சுப் பாத்தேன், புளிச்சுப் போன நெல்லிக்கா தண்ணி மாதிரி இருந்துச்சு, அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நெஞ்செரிச்சல். பாதி பாட்டிலுக்கு மேல எக்ஸ்பயரி தேதி முடிஞ்சு போச்சு, ஆனாலும் சித்தி தூக்கிப் போட மாட்டேங்குது. "காசு குடுத்து வாங்குனதுய்யா, கிடக்கட்டும், அது பாட்டுக்கு என்ன செய்யுது"ங்குது.

கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்ல. சொன்னா நீங்க அந்த ஒரு கம்பெனியைத் திட்டிட்டு அடுத்த கம்பெனி மீட்டிங்குக்குப் போயிருவீங்க. எனக்கு அந்தக் கம்பெனிக்கு இருந்த ரேட்டிங் பத்திதான் பேசணும், ஏன்னா அந்த ரேட்டிங்ல நானும் கொஞ்சம் பங்கு போட்டிருக்கேன்.

2021ல ரெண்டாவது அலை முடிஞ்ச நேரம். சித்தப்பாவுக்கு ஆப்செட் பிரஸ்ல வேலை, காலண்டர் ஆர்டர் எல்லாம் படுத்துருச்சு, வாரத்துல மூணு நாள்தான் வேலை. நாலு வீடு தள்ளி ஒரு டீச்சரக்கா இருக்காங்க, பிரைவேட் ஸ்கூல்ல வேலை பாத்தவங்க, லாக்டவுன்ல அவங்களுக்கும் சம்பளம் பாதியாயிருச்சு. அவங்கதான் வந்து சித்தி கிட்ட "ப்ளான்" காட்டுனது. செயின் பிசினஸ்னு சொன்னா அவங்களுக்குக் கோபம் வந்துரும், "டைரக்ட் செல்லிங்னு சொல்லுங்க"ம்பாங்க. மொத பேக்கேஜ் 8 பாட்டில், 12,800 ரூபா. சித்தி ஒரு வளையலை அடகு வச்சுக் கட்டுச்சு. அப்புறம் ஐடி ஆக்டிவா இருக்கணும்னா மாசம் மாசம் ரெண்டு பாட்டிலாவது வாங்கி பாயிண்ட் ஏத்தணும், இல்லாட்டி கீழ இருக்கவங்க வாங்குற கமிஷன் உனக்கு வராது. இதுல பாருங்க, யாருமே சித்தியைக் கட்டாயப்படுத்தல. வாங்காட்டியும் பரவால்ல, கமிஷன் வராது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை விருதுநகர்ல மண்டபத்துல மீட்டிங். நான் மதுரைல இருந்து வந்திருந்தேன், சித்தியை பைக்ல கூட்டிட்டுப் போக ஆள் இல்லன்னு நான் போனேன். உள்ள போனா கல்யாண வீடு மாதிரி பன்னீர் தெளிக்கிறாங்க, சந்தனம் வைக்கிறாங்க. கோட் சூட் போட்ட ஒருத்தர் மேடையில, நம்ம ஊர் வெயிலுக்கு அந்தக் கோட்டுக்குள்ள அவர் என்ன பாடுபட்டாரோ, பேசிக்கிட்டே ஒரு ஸ்லைடு போட்டாரு. அமெரிக்காவுல இருக்கற எங்க தாய்க் கம்பெனிக்கு ஏ ப்ளஸ் ரேட்டிங், அங்க கவர்மெண்ட் மாதிரி ஒரு பீரோ இருக்கு, அவங்க குடுத்தது, ஏமாத்துற கம்பெனிக்கு அமெரிக்காக்காரன் ஏ ப்ளஸ் குடுப்பானா சொல்லுங்கன்னாரு. கைதட்டல். எனக்கு அக்கவுண்ட்ஸ் வேலை, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுப் போட்டு எவன் எந்தக் கணக்கைக் காட்டுனாலும் சந்தேகப்படுற புத்தி. ஆனா உண்மையைச் சொல்லணும்னா அந்த ஏ ப்ளஸ் எனக்குமே கொஞ்சம் வேலை செஞ்சுச்சு. சரி, ஒண்ணுமில்லாத கம்பெனி இல்ல போலன்னு நினைச்சேன்.

அன்னைக்கு ராத்திரியே க்ரூப்ல மெசேஜ். எல்லாரும் 9 மணிக்குள்ள ப்ளே ஸ்டோர்ல நம்ம ஆப்புக்கு 5 ஸ்டார் போட்டு நல்லபடியா நாலு வரி எழுதி ஸ்கிரீன்ஷாட் அனுப்பணும், நெகட்டிவ் ஆளுங்க சில பேர் 1 ஸ்டார் போட்டு நம்ம குடும்பத்தைக் கெடுக்கப் பாக்கறாங்கன்னு. குடும்பமாம். சித்திக்கு டைப் பண்ண வராது, போனை என் கையில குடுத்து "ஏய்யா, நீ நல்லா எழுதுவியே, எழுதிக் குடு"ன்னுச்சு. நான் எழுதுனேன். "அருமையான தயாரிப்பு. எங்கள் குடும்பத்தில் அனைவரும் பயன்படுத்துகிறோம். ஆரோக்கியமும் வருமானமும் ஒன்றாகத் தரும் நிறுவனம்." சித்தி போன்ல ஒண்ணு, சித்தப்பா போன்ல ஒண்ணு, எங்கம்மா போன்ல ஒண்ணு. மூணுக்கும் வார்த்தையை மாத்தி மாத்திப் போட்டேன், ஒரே மாதிரி இருந்தா கண்டுபுடிச்சிருவாங்கன்னு. எனக்குப் பெருமை வேற. நெஞ்செரிச்சல் வந்த வாய் இது.

எங்கம்மா போன் எதுக்குன்னு கேப்பீங்க. சேத்துவிட்ட ஆளுங்களை லெஃப்ட் லெக், ரைட் லெக்னு ரெண்டு பக்கமாப் பிரிப்பாங்க, எங்கம்மாதான் சித்தியோட லெஃப்ட் லெக். தங்கச்சி கேட்டான்னு சேந்துச்சு. ரைட் லெக் சித்தப்பாவோட தங்கச்சி. அவங்களுக்குக் கீழ பூக்கார அக்கா ஒருத்தங்க, பிரஸ்ல சித்தப்பாகூட வேலை பாக்கறவரோட சம்சாரம் ஒருத்தங்க. மொத்தம் நாலே பேரு, நாலு பேரும் தெனம் மூஞ்சியைப் பாத்தாகணும்.

14 மாசம் ஓடுச்சு. சித்தி எல்லாத்தையும் ஒரு 80 பக்க நோட்டுல எழுதி வச்சிருந்துச்சு, அதுக்கு மட்டும் நான் சல்யூட் அடிப்பேன். 2022 கடைசில ஒரு நாள் உக்காந்து கணக்குப் பாத்தோம். மொத பேக்கேஜ் 12,800. மாசம் 3,200ன்னு 14 மாசத்துக்கு 44,800. ஆக 57,600 ரூபா, 36 பாட்டில். அதுல வித்தது 9, அந்த ஒம்போதுல மூணுக்கு இன்னும் காசு வரல. வீட்டுல குடிச்சது 6. சாம்பிள்னு சும்மா குடுத்தது 4. மிச்சம் 17. கமிஷன்னு பேங்க்ல வந்தது மொத்தமா 7,150 ரூபா, வித்த காசு 9,600. கிட்டத்தட்ட 41,000 ரூபா கையை விட்டுப் போச்சு, இதுல மீட்டிங் டிக்கெட்டு, பஸ் செலவு, வளையலுக்குக் கட்டுன வட்டி சேக்கல. சித்தி நோட்டை மூடி வச்சுட்டு "சித்தப்பாட்ட சொல்லாத"ன்னு மட்டும் சொல்லுச்சு.

ரிட்டர்ன் பண்ணலாம்னு நான்தான் கம்பெனிக்கு மெயில் போட்டேன். மறுநாளே பதில் வந்துச்சு, டிக்கெட் நம்பரோட, ரொம்ப மரியாதையா. ஒம்போது நாள்ல முடிவும் சொல்லிட்டாங்க. கடைசி 30 நாளுக்குள்ள வாங்கி சீல் பிரிக்காத பாட்டில் மட்டும்தான் எடுத்துக்குவோம், அதுலயும் கையாளும் கட்டணம், ஏற்கனவே குடுத்த கமிஷன் எல்லாம் கழிச்சுக்கிட்டு மீதி. அப்படிப் பாத்தா ரெண்டு பாட்டில் தேறும். கொரியர் செலவு நம்மளது. சித்தி "அதையும் கட்டிலுக்கு அடியிலயே வைய்யா"ன்னுருச்சு. மறுநாள் மெயில்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தன ஸ்டார் குடுப்பீங்க?

அப்பதான் எனக்கு அந்த ஏ ப்ளஸ் ஞாபகம் வந்து தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

அந்த பீரோ பேரு பெட்டர் பிசினஸ் பீரோ. 1912ல ஆரம்பிச்சது, அமெரிக்காவுலயும் கனடாவுலயும் பெரிய பேரு. ஆனா கவர்மெண்ட் கிடையாது, லாப நோக்கமில்லாத தனியார் அமைப்பு, கம்பெனிங்க சந்தா கட்டி அங்கீகாரம் வாங்கிக்கலாம். ஏ ப்ளஸ்ல இருந்து எஃப் வரைக்கும் கிரேடு. இதுல நான் ஆச்சரியப்பட்டது என்னன்னா வாடிக்கையாளர்கள் போடுற ரிவ்யூ அந்த கிரேடுல சேராது, அது தனி, இது தனி. கிரேடு எதை வச்சுன்னா கம்பெனி எத்தன வருஷமா இருக்கு, அதோட சைஸுக்கு எத்தன புகார் வந்திருக்கு, வந்த புகாருக்குப் பதில் சொன்னாங்களா, உரிமம் விளம்பரம் எல்லாம் ஒழுங்கா, அரசு நடவடிக்கை ஏதாச்சும் உண்டா, இந்த மாதிரி. தப்பான அளவுகோல்னு சொல்ல மாட்டேன், பிளம்பர் வந்து பைப்பை ஒடச்சுட்டுப் போயிட்டான்னா இது சரியான அளவுகோல்தான். ஆனா சித்தி கேஸை இதுல போட்டுப் பாருங்க. புகார் குடுத்தோம், மறுநாளே பதில், ஒம்போது நாள்ல முடிவு. ஃபுல் மார்க்.

2010ல ஒரு கூத்து நடந்திருக்கு. ஏபிசி டிவிக்காரங்க காட்டுனாங்க, லாஸ் ஏஞ்சல்ஸ்ல சில வியாபாரிங்க சேந்து 425 டாலர் கட்டி, பாலஸ்தீன ஆயுதக் குழு ஹமாஸோட பேரை வச்ச ஒரு போலி கம்பெனிக்கு ஏ மைனஸ் வாங்கிட்டாங்க. சந்தா கட்டுனா மார்க் ஏறுற மாதிரி இருந்த முறையை அதுக்கப்புறம் எடுத்தாங்க, அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையை 2013ல அமைப்பை விட்டே தூக்கிட்டாங்க. நம்ம மண்டபத்துல கோட் சூட் இதையும் ஒரு ஸ்லைடா போட்டிருக்கலாம்.

சரி, புகாரை எண்ணி மார்க் போடறாங்க. எம்எல்எம்ல, அதாவது ஆளுக்குக் கீழ ஆள் சேக்கற இந்த செயின் பிசினஸ்ல, புகாரை யாரு குடுப்பா? நான் இங்கதான் மாட்டிக்கிட்டேன். மிக்ஸி கெட்டுப் போனா கடைக்காரனோட சண்டை போடலாம். சித்திக்கு வித்தது டீச்சரக்கா, எங்கம்மாவுக்கு வித்தது சித்தி. அம்மாகிட்ட "நீயும் ஒரு கம்ப்ளைண்ட் எழுதும்மா, உனக்கும் பத்தாயிரத்துக்கு மேல போயிருக்குல்ல"ன்னேன். அம்மா அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, திரும்பிக்கூடப் பாக்கல. "யார் மேலடா குடுக்க? எந்தங்கச்சி மேலயா?"

அமெரிக்காவுல ஹெர்பலைஃப்ங்கற எம்எல்எம் கம்பெனி மேல இருந்த கேஸ் 2016ல முடிஞ்சுது, எஃப்டிசிங்கற அவங்க வணிக ஆணையம் 20 கோடி டாலர் கட்ட வச்சு வியாபார முறையையே மாத்தச் சொன்னாங்க. 2017 ஜனவரில கிட்டத்தட்ட மூணரை லட்சம் பேருக்கு செக் அனுப்புனாங்க. அந்த மூணரை லட்சம் பேரும் புகார் எழுதுனவங்க இல்ல. 2009ல இருந்து 2015 வரைக்கும் யாரெல்லாம் குறைஞ்சது 1,000 டாலர் கட்டிட்டுத் திரும்ப ஒண்ணுமே வாங்காம, இல்ல கொஞ்சமா வாங்கியிருக்காங்களோ அவங்களுக்கு. அதாவது நஷ்டப்பட்டது யாருங்கற லிஸ்டு புகார்ப் பெட்டில இல்ல, கணக்குப் புத்தகத்துல இருந்துச்சு. சித்தியோட 80 பக்க நோட்டு மாதிரி. அக்கவுண்ட்ஸ்காரன் எனக்கு இது முன்னாடியே தோணியிருக்கணும்.

2024 செப்டம்பர்ல அதே எஃப்டிசி இன்னொண்ணு செஞ்சாங்க. 70 எம்எல்எம் கம்பெனிங்க தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை எடுத்து வச்சுப் படிச்சுப் பாத்தாங்க. பெரும்பாலானவங்க சம்பாதிச்சது வருஷத்துக்கு 1,000 டாலர், இல்ல அதுக்கும் கீழ, அதுவும் செலவைக் கழிக்கறதுக்கு முன்னாடி. பல அறிக்கைல ஒண்ணுமே சம்பாதிக்காதவங்களைக் கணக்குலயே சேக்கல. சித்தி அந்தக் கம்பெனி அறிக்கைல எந்த வரிசைல வரும்னு யோசிச்சேன், அனேகமா எந்த வரிசைலயும் வராது.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2021 டிசம்பர் 28ல நேரடி விற்பனைக்குன்னே தனி விதி வந்துச்சு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019க்குக் கீழ. படிக்க நல்லாத்தான் இருக்கு. சேர்றதுக்குக் கட்டணம் வாங்கக்கூடாது, பிரமிட் திட்டம், அதாவது ஆள் சேத்தாலே காசுங்கற திட்டம் நடத்தக்கூடாது, குறை தீர்க்க அதிகாரி வைக்கணும், புகார் வந்தா 48 வேலை மணி நேரத்துக்குள்ள கிடைச்சுதுன்னு சொல்லணும், பொதுவா ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். நேரடி விற்பனையாளர் அடையாள அட்டை வச்சிருக்கணும், முன்கூட்டியே நேரம் கேட்டுட்டுதான் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகணும்னு ஒரு விதி. அதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. டீச்சரக்கா கழுத்துல ஐடி கார்டை மாட்டிக்கிட்டு, "நாளைக்கு 11 மணிக்கு வரட்டுமா"ன்னு நேரம் கேட்டுட்டு சித்தி வீட்டுக்கு வர்றதை நினைச்சுப் பாருங்க. அவங்க கொல்லைப் பக்கமா மாவு கிண்ணத்தோட வர்றவங்க.

வக்கீல் பிரெண்டு ஒருத்தன்ட்ட கேட்டேன். 1915க்குப் போன் போடு, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம், இல்ல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போ, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கூடக் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும்னான். சொல்லிட்டு ஒரு நிமிஷம் நிறுத்தி "உங்க சித்தி நுகர்வோரா, விற்பனையாளரா?"ன்னு கேட்டான். திரும்ப விக்கறதுக்காக வாங்குனவங்க சட்டப்படி நுகர்வோர் இல்ல. சுயதொழில் பண்ணிப் பொழைக்கறதுக்காக வாங்குனேன்னு வாதாட இடம் இருக்கு, ஆனா வாதாடணும். கம்பெனி சித்திகிட்ட போன்ல ஓடிபி வாங்கி ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கு, அதுல சித்தி சுதந்திரமான நேரடி விற்பனையாளர். வளையலை அடகு வைக்கறப்ப நுகர்வோர், புகார் குடுக்கறப்ப வியாபாரி.

அப்ப போலீஸ்ல குடுக்கலாமான்னேன். 1978 சட்டம் ஒண்ணு இருக்கு, பரிசுச் சீட்டு, பணச்சுழற்சித் திட்டம் இதையெல்லாம் தடை பண்றது. அதோட 3வது பிரிவைக் காட்டுனான். திட்டத்தை நடத்தறது மட்டும் குத்தம் இல்ல, அதுல உறுப்பினரா சேர்றதும் பங்கெடுக்கறதும் குத்தம். அடுத்த பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு எழுதியிருக்கு. நடைமுறையில கீழ இருக்கற சித்திகளை யாரும் புடிச்சு உள்ள வைக்கறதில்ல, அவனே சொன்னான். ஆனா நாலு பேரைச் சேத்துவிட்ட ஒரு பொம்பளை அந்த வரியைப் படிச்சா ஸ்டேஷன் வாசல்ல கால் வைக்குமா? நான் இதை சித்தி கிட்ட சொல்லவே இல்ல.

பெரிய கம்பெனி கேஸெல்லாம் இந்த நாட்டுல எப்படி இழுக்கும்னு பாக்கணும்னா ஆம்வேங்கற நேரடி விற்பனைக் கம்பெனியைப் பாருங்க. 1998ல இங்க கடையைத் திறந்தாங்க. இந்தியத் தலைமை அதிகாரியை 2013ல கேரளா போலீஸ் கைது பண்ணாங்க, 2014ல ஆந்திரா போலீஸ் கைது பண்ணாங்க. 2022 ஏப்ரல்ல அமலாக்கத்துறை 757.77 கோடி ரூபா சொத்தை முடக்குச்சு, திண்டுக்கல் மாவட்டத்துல இருக்கற ஃபேக்டரியும் அதுல சேத்தி. பொருள் விக்கறங்கற பேர்ல பிரமிட் மோசடி, வெளியில கிடைக்கற பொருளைவிட விலை ரொம்ப அதிகம்னு அமலாக்கத்துறை சொல்லுச்சு, கம்பெனி நாங்க சட்டப்படிதான் நடக்கறோம்னு மறுத்துச்சு. இத்தனைக்கும் நடுவுல அவங்க பொருளை வாங்கிப் பயன்படுத்திக்கிட்டு நல்லாருக்குன்னு சொல்றவங்க எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேர் இருக்காங்க. பொருள் நல்லாருக்கா, ப்ளான் சரியான்னு கேள்வி ரெண்டு, ஸ்டார் போடற இடம் ஒண்ணுதான்.

கோயம்புத்தூர்ல 2024 ஜனவரில நடந்தது ஞாபகம் இருக்கும். விளம்பரம் பாத்தா காசுன்னு ஒரு ஆப், மைவி3 ஆட்ஸ். அது மேல புகார் போய் போலீஸ் கேஸ் போட்டதும் நீலாம்பூர் பக்கம் ஆயிரக்கணக்குல ஆளுங்க வந்து கூடிட்டாங்க. காசைக் குடுன்னு கேக்க இல்ல, எங்க கம்பெனி மேல கேஸ் போடாதன்னு சொல்ல. டிவில பாத்துட்டு நிறைய பேர் சிரிச்சாங்க, படிச்சும் இப்படி முட்டாளா இருக்காங்களேன்னு மீம்ஸ் போட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அந்தக் கூட்டத்துல நின்ன ஒவ்வொருத்தருக்கும் கீழ ஒரு அக்கா, ஒரு மச்சான், பக்கத்து வீட்டு ஆளு இருந்திருப்பாங்க. கேஸ் நின்னா போட்ட காசு போச்சு, அதுகூடப் பரவால்ல, நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது. மூணு போன்ல 5 ஸ்டார் போட்டவன் நான், எனக்கு அந்தக் கூட்டம் புரியுது.

இப்பல்லாம் யாராச்சும் இந்த மாதிரி கம்பெனி பேரைச் சொல்லி எப்படின்னு கேட்டா நான் ஸ்டாரை எண்ண மாட்டேன், ரிவ்யூவைப் படிப்பேன். ஜூஸ் கம்பெனி ரிவ்யூல ஜூஸைப் பத்தி எத்தன பேர் பேசறாங்கன்னு பாருங்க. சித்தியோட ஆப்ல நூறு ரிவ்யூ உக்காந்து படிச்சேன், வேலை வெட்டி இல்லாத ஒரு ராத்திரி. வாழ்க்கையை மாத்துன கம்பெனி, பெஸ்ட் ஆப்பர்ச்சூனிட்டி, நன்றி என் அப்லைன்னு வரிசையா. அப்லைன்னா நம்மளைச் சேத்துவிட்ட மேல் ஆளு. புளிப்பா இருந்துச்சுன்னு ஒருத்தர் சொல்லல, இனிப்பா இருந்துச்சுன்னும் ஒருத்தர் சொல்லல. குடிச்சவங்க எழுதல, விக்கறவங்க எழுதியிருக்காங்க. 1 ஸ்டார் போட்டவங்களுக்குக் கம்பெனி பதில் போட்டிருக்கு, "உங்கள் அப்லைனைத் தொடர்பு கொள்ளவும்"னு. இந்த மாதிரி ரிவ்யூவை ஒழுங்கு பண்ண 2022 நவம்பர்ல இந்திய தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000னு ஒரு தரம் கொண்டு வந்திருக்கு, ஆனா கட்டாயம் ஆக்கல, விருப்பம் இருக்கற தளங்க பின்பற்றலாம்னுதான் கொண்டு வந்தாங்க.

டீச்சரக்கா பத்தி ஒண்ணு சொல்லிடறேன், இல்லாட்டி அவங்களை வில்லி ஆக்கிட்ட மாதிரி ஆயிரும். அவங்களுக்குப் போனது ஒண்ணே முக்கால் லட்சம். மேல இருந்தவர் போனை எடுக்கறதில்ல. பரண் மேல அவங்க வச்சிருக்கற பாட்டில் எத்தனன்னு சித்திக்கும் தெரியாது. ரெண்டு பேரும் சாயங்காலம் வாசல்ல உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாங்க, எதைப் பத்தி வேணா பேசுவாங்க, அந்தக் கம்பெனியைப் பத்தி மட்டும் பேச மாட்டாங்க.

போன பொங்கலுக்குப் போயிருந்தப்ப சித்தி போனை வாங்கி அந்த ரிவ்யூவை அழிச்சிரலாம்னு ப்ளே ஸ்டோரைத் திறந்தேன். அம்மா போன்லயும் சித்தப்பா போன்லயும் இருந்ததை ஏற்கனவே எடுத்துட்டேன். சித்தி அடுப்படில இருந்து எட்டிப் பாத்து "என்னய்யா நோண்டுற"ன்னுச்சு, சொன்னேன். கையைத் தொடச்சுக்கிட்டு வந்து போனை வாங்கிக்கிச்சு. "வேண்டாம்யா. டீச்சரக்கா பாத்தா சங்கடப்படும். அன்னைக்கு அது முன்னாடிதானே போட்டோம்." அடுப்புல டீச்சரக்கா வீட்டுல இருந்து வந்த மொச்சைக் குழம்பு சுட்டுக்கிட்டு இருந்துச்சு.

என் கையில இருந்து சித்தி போனை வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீனைப் பாத்தேன். நான் எழுதுன நாலு வரி அப்படியே இருக்கு, மேல 5 ஸ்டார், சித்தியோட போட்டோ. கீழ சின்ன எழுத்துல, இந்தக் கருத்து உதவியா இருந்துச்சுன்னு 31 பேர் சொல்லியிருக்காங்க.